வாசலில் விரித்த நல்வரவு

ஜூன் 3, செவ்வாய்

வர்த்தகர் சங்கத்தில் இன்று மதுரையிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்திருந்தார்கள். ‘கடையின் முகத்தோற்றம்’ என்று தலைப்பு. ஒருத்தர் கடைக்குள் நுழையும்போது முதலில் எதைப் பார்க்கிறார் என்று கேட்டார். போர்டு என்றார் பலசரக்குக்காரர். முதலாளி முகம் என்றார் பாத்திரக்கடைக்காரர். இரண்டும் இல்லையாம். தரையைத்தான் பார்க்கிறார்களாம். வாசலில் ஒரு நல்ல மிதியடி கிடந்தால் உள்ளே இருக்கிற பொருளுக்கே மதிப்புக் கூடுகிறதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன். என் கடைத் தரை என்ன நிறம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பிறகு ஒவ்வொருவரிடமும் என்ன தொழில் என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் “வண்டி வாடகை” என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தான். சிரிக்கட்டும். அமரர் ஊர்தியும் வண்டிதான். அதை வாடகைக்குத்தான் விடுகிறேன். பொய் என்ன இருக்கிறது இதில்?

வீட்டில் வந்து சொன்னால் வடிவு கேட்கிறாள்: “ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுதவகளுக்கு எதுக்குங்க முகத்தோற்றம்? நம்ம கடைக்கு யாரும் ஆசைப்பட்டா வாராக?”

இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் பேசுகிற பேச்சா இது?

ஜூன் 5, வியாழன்

காலையில் தரையைப் பார்த்தேன். பகீரென்றது. சிமெண்டுத் தரை, ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் பட்டுப் பட்டுக் கறுப்பாகத் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. இதன் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள்ளும் வரவேண்டும். முன்னால் கடை, பின்னால் வீடு, ஒரே வாசல்.

29ஆம் தேதி எங்கள் மகள் செண்பாவைப் பெண் பார்க்க சாத்தூரிலிருந்து வருகிறார்கள். பையன் மாரீஸ்வரன், மின்வாரியத்தில் வேலை. அப்பா திருமலையப்பன் தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன். இதற்கு முன்பு மூன்று இடம் வந்து, வாசல் போர்டைப் பார்த்ததும் திரும்பிப் போயிருக்கிறது. ஒரு இடத்தில் காரிலிருந்து இறங்கக்கூட இல்லை. அதனால் இந்தத் தடவை தரகரிடம் ‘டிராவல்ஸ்’ என்றே சொல்லச் சொல்லியிருக்கிறேன். 28ஆம் தேதி அண்ணன் தூத்துக்குடியிலிருந்து வந்துவிடுவார். அவர் பக்கத்தில் இருந்தால் பேச்சை நடத்திவிடுவார்.

மிதியடி வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது கடைக்கு.

கரூர் கம்பெனிக்காரரிடம் போனில் பேசினேன். படங்கள் அனுப்பினார். எத்தனை தினுசு! கயிறு, ரப்பர், வெல்வெட் மாதிரி ஒன்று, பூவேலை, கொடிவேலை. மூன்று எடுத்தேன். வாசலுக்குக் கருஞ்சிவப்பில் தங்க நிறக் கொடி ஓடுகிறது. ஆபீஸ் மேஜைக்கு முன்னால் போட ஒரு பச்சை. தாழ்வாரத்துக்கு நீளமாக ஒன்று.

“வாசல் மேட்ல என்ன எழுத்து போடணுங்க சார்?” என்றார்.

“எல்லாரும் என்ன போடுவாகளோ அதையே போடுங்க” என்றேன். வித்தியாசமாக எதையாவது போட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

ஜூன் 7, சனி

எட்டயபுரத்துக்கு ஒரு பெட்டி. இளையரசனேந்தலுக்கு வண்டி. பெட்டியில் கம்ப்ரஸர் சத்தம் போடுகிறது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

வடிவு கழுகுமலைக்குப் போய்விட்டாள். அவள் தங்கச்சி மகளுக்குப் பேறுகாலம். ஒரு வாரம் ஆகும் என்றாள். போகும்போது, “செண்பாகிட்ட ரெண்டு வார்த்தை மொகங்கொடுத்துப் பேசுங்க. எப்பப் பாத்தாலும் மறைக்கிற சோலியாவே அலையுதீக” என்று சொல்லிவிட்டுப் போனாள். எதை மறைக்கிறேன்? ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 14, சனி

மிதியடி வந்துவிட்டது!

பிரித்ததும் வாயடைத்துப் போனேன். படத்தில் பார்த்ததைவிட நூறு மடங்கு. நடுவில் தாமரை, அதன்மேல் அரைவட்டமாக ‘நல்வரவு’ என்று தங்க எழுத்து. தரையைத் தேய்த்துக் கழுவச் சொல்லி, காய்ந்த பிறகு நானே குனிந்து விரித்தேன். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் நகைக்கடை மாதிரி இருக்கிறது. போர்டில் ‘நிழல் இறுதிச் சேவை’ என்பதில் ‘இறுதிச் சேவை’ கொஞ்சம் சின்ன எழுத்து. மரக்கிளை வளர்ந்து அதை மறைக்கிறது. வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டிரைவர் அந்தோணி வந்து நின்று பார்த்தார். நானும் அவரும் ஒரு வயசு. தலையைச் சொறிந்தார்.

“என்னவே?”

“எழுத்து இருக்கு, அண்ணாச்சி.”

“எழுத்து இருந்தா என்ன?”

“ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு” என்றவர், அதை மிதிக்காமல் சுவரோரமாக ஒண்டி உள்ளே வந்தார். புதுப் பொருளுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற மனுஷன் வண்டியை மட்டும் கழுவ மாட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் ஒருவர் வந்தார். தாயார் தவறிவிட்டாராம். வாசல் வரை வேகமாக வந்தவர் மிதியடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கீழே பார்த்தார். வெளியில் நின்றே விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. துக்கத்திலும் ஒரு மனுஷனுக்கு அழகான பொருளை மிதிக்க மனசு வரவில்லை. அந்த மதுரைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 16, திங்கள்

இன்று ஒரு கூத்து. நடுவயசுக்காரர் ஒருவர், நல்ல படித்த தோரணை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாசலுக்கு வந்தவர் காலாலேயே மிதியடியைப் புரட்டிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். ரப்பர் அடிப்பாகம் மேலே. எனக்குச் சுர்ரென்று ஏறியது. துக்கம் ஒருத்தனை இப்படியா ஆக்கும்? துக்கத்தில் வந்தவரிடம் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் போனதும் திருப்பிப் போட்டு, பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன்.

செண்பா வேலைக்குப் புறப்படும்போது பார்த்துக்கொண்டே போனாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லேபுக்கு நேரமாகிவிட்டது போல, போய்விட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. வீட்டில் என்னோடு அவள் பேசுவதே குறைவு.

ஜூன் 18, புதன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

காலை எட்டரை மணி. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் நடந்தே வந்தார்கள். ஒரு வாலிபன், உறவுக்காரர் ஒருவர், ஒரு அம்மா. விடியற்காலையில் நெஞ்சுவலி என்று கொண்டு வந்திருக்கிறார்கள், எட்டு மணிக்கு முடிந்துவிட்டது. சாத்தூருக்கு வண்டி வேண்டும், பெட்டி வேண்டும்.

அந்த அம்மாவுக்குக் காலில் செருப்பில்லை. அவசரத்தில் அப்படியே ஏறி வந்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். வெயில் அதற்குள் உறைக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே மின்விசிறி ஓடுகிறது, நாற்காலி இருக்கிறது. “உள்ள வந்து உக்காருங்கம்மா” என்று சொல்ல வாய் போனதை அடக்கிக்கொண்டு, “நாக்காலி இருக்கும்மா” என்று மட்டும் சொன்னேன். துக்கக்காரர்களைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லக் கூடாது. அவர்களும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த வாய் தவறியது கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த அம்மா மிதியடிக்கு முன்னால் நின்றார். எழுத்தை வாசித்தார். உதடு அசைந்தது, நான் பார்த்தேன். அப்புறம் கால் மடங்கி, வெயிலில், மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கவில்லை. என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியவில்லை.

நோட்டில் எழுதப் பேர் கேட்டேன். “திருமலையப்பன்” என்றான் அந்த வாலிபன். “ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். சாத்தூர்.”

பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஜாதகத்தோடு வந்த மாப்பிள்ளை போட்டோவில் இருந்த அதே முகம்.

ஒரு நிமிஷம் எனக்கு உலகமே அந்தரத்தில் நின்றது. ‘டிராவல்ஸ்’ என்று சொல்லி வைத்திருக்கிறேனே! நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நோட்டை அந்தோணி கையில் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து செண்பா ஓடிவந்தாள். ஈரத்தலை, துண்டுகூட எடுக்கவில்லை. என்னைத் தாண்டி, அந்தப் பையனைத் தாண்டி, நேராக அந்த அம்மா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையன் “செண்பா” என்றான். ஒருமையில், வெகுநாள் பழகினவன் மாதிரி.

டயருக்குப் பின்னால் நான் உறைந்து போய்விட்டேன்.

வண்டி புறப்படுகிறவரை அவர்கள் இருவரும் வெயிலிலேயே இருந்தார்கள். செண்பாவும் அதே வண்டியில் ஏறிச் சாத்தூருக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

செய்தி கேட்டு வடிவு நேற்றுச் சாயங்காலமே கழுகுமலையிலிருந்து வந்துவிட்டாள். ஆட்டோவை விட்டு இறங்கியவள் பையோடு வாசலில் நின்றாள். பையைக் கீழே வைத்தாள்.

“இதை யாரு போட்டது?”

“நான்தான். ஏன்?”

“என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க.”

“நல்வரவு.”

“திரும்ப வாசிங்க.”

திரும்ப வாசித்தேன். இரண்டாவது தடவை வாசிக்கும்போதுதான் என் மண்டையில் ஏறியது. நாலு நாளாக, இந்த ஊரில் யார் வீட்டில் எழவு விழுந்ததோ அவர்களையெல்லாம் வாசலில் எழுத்துப் போட்டு வரவேற்றிருக்கிறேன். வாயால் சொல்லாததைக் கால்மாட்டில் விரித்து வைத்திருக்கிறேன். புரட்டிப் போட்டவர், வெளியிலேயே நின்றவர், சுவரோரம் ஒண்டின அந்தோணி, எல்லோரும் ஒவ்வொருத்தராகக் கண்முன்னால் வந்தார்கள். எனக்கு எங்கே போனது புத்தி?

“இருபத்திரெண்டு வருசமா நாக்கைக் கடிச்சிக்கிட்டு நிக்கோம்” என்றாள் வடிவு. சத்தம் போடவில்லை. “கண்ணீரும் கம்பலையுமா வாரவுகளை ஒரு வார்த்தை ‘வாங்க’ன்னு சொல்லாம, கையை மட்டும் பிடிச்சு உக்கார வைப்பேன். பொண்ணு பாக்க வாரவுகளுக்காக வாசலை ஜோடிச்சீகளே, தெனம் வாரவுகளை நெனச்சீகளா?”

“கடைக்குத்தான் வாங்கினேன்” என்றேன். அவள் மிதியடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மற்ற இரண்டையும் எடுக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் யாரும் வழுக்காமல் இருக்க அவை கிடக்கட்டும் என்றாள்.

இன்று மத்தியானம் செண்பா வந்தாள். என்னைப் பார்த்து நின்றே பேசினாள்.

“உங்க தொழில் என்னன்னு முதல் நாள் போன் பேசும்போதே அவர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு மாசமாப் பேசுறோம். அவங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். தரகர் ‘டிராவல்ஸ்’னு சொன்னப்ப அந்த மாமா சிரிச்சாராம். ‘கடைசிப் பயணம்னாலும் பயணம்தானே, பொய் சொல்லலை மனுஷன்’னு சொன்னாராம்.”

அந்த மனுஷன் என்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டே நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார். நான் அவர் கடைசி வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

“ஆஸ்பத்திரியில வேற வண்டி நின்னுச்சு அப்பா. ‘இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான்’னு சொல்லித்தான் அவரு தன் அம்மாவை நம்ம கடைக்குக் கூட்டிட்டு வந்தாரு.”

அதோடு போய்விட்டாள். இனி பேசமாட்டாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

வடிவு மட்டும் சாத்தூர் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தாள். நான் போகவில்லை. முகம் இல்லை.

தரகர் போன் செய்தார். சொந்தக்காரர்களில் ஒரு கூட்டம், ‘இந்தச் சம்பந்தம் பேசின நேரம்தான் வீட்டுத் தலையைச் சாய்ச்சிருச்சு’ என்கிறதாம். பையனின் தாயார் கனகமணி யாரிடமும் பேசவே இல்லையாம். ஒரே ஒரு தடவை வாய்திறந்து, “அவுகளைப் பறிகொடுத்துட்டு நிக்கேன், நல்வரவுன்னு போட்டிருந்தாக” என்றாராம்.

“அந்தம்மா சொல்லுததுதான் முடிவு, அண்ணாச்சி” என்றார் தரகர். “பையன் ஒத்தக்கால்ல நிக்கான். ஆனா தாயை மீறமாட்டான்.”

சோறு இறங்கவில்லை. மூன்று இடம் தட்டிப்போனதற்குத் தொழில்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நாலாவது இடம் தொழிலை ஒத்துக்கொண்டு வந்தது. அதைத் தட்டிவிட்டது நான்.

ஜூன் 24, செவ்வாய்

புரட்டிப் போட்டவரைத் தேடிப் போனேன். நோட்டில் விலாசம் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். “எங்கப்பா இருந்திருந்தா இதைக் கேட்டுச் சிரிச்சிருப்பாரு” என்றார். எனக்கு அதுவும் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நான் பயந்த அளவுக்கு யாரும் கெட்டவர்களாக இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

இன்று வரவேண்டியவர்கள்.

கேசரிக்கு வாங்கிய ரவை டப்பாவில் இருக்கிறது. செண்பா லேபுக்குப் போய்விட்டாள், ஞாயிற்றுக்கிழமையிலும்.

ஜூலை 3, வியாழன்

பதினாறாம் நாள் காரியம். போனேன். பந்தலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். மாரீஸ்வரன் மொட்டைத் தலையோடு வந்து, “சாப்பிட்டுட்டுப் போங்க மாமா” என்றான். மாமா என்றான்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பேசத் தைரியம் வரவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கழுகுமலைக்கு ஒரு வண்டி. அந்தோணிக்குக் காய்ச்சல், நானே ஓட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறக்க நாலு நாள் இருக்கிறது. இந்தச் சம்பந்தத்தை மனசிலிருந்து கழுவிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. பார்த்தால் கனகமணி அம்மா. தனியாக. பஸ்ஸில் வந்திருக்கிறார். எனக்குத் திக்கென்றது. ஒரு மாசம்கூட ஆகவில்லை, இப்படித் தாலியறுத்த பொம்பளை வெளியூருக்குத் தனியாகக் கிளம்பி வருவாளா? எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

வடிவு ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். செண்பா உள்ளிருந்து வந்து சுவரோரம் நின்றாள். நான் எழுந்து இரண்டு கையையும் கூப்பினேன்.

“எம் புத்தி கெட்டுப்போச்சும்மா. அன்னைக்கு…”

“அதுக்கு நான் வரலை, அண்ணாச்சி” என்றார் அவர். “உக்காருங்க.”

தண்ணீர் குடித்தார். மெதுவாகத்தான் பேசினார்.

“அன்னைக்கு அந்த எழுத்தைப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சது உண்மைதான். உங்களை வாயாரச் சபிச்சேன். பதினாறு முடியட்டும், இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிருவோம்னுதான் இருந்தேன். ஆனா பதினாறு முடிஞ்சு வெளிய வந்தா என்ன நடக்கு? நான் எதிர்ல வந்தா தெருவை மாத்திப் போறாக. பக்கத்து வீட்டுல வளைகாப்பு, தெரு பூராச் சொன்னாக, எங்க வாசலைத் தாண்டிப் போயிட்டாக. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இருந்து பாத்த ஆளுக. உங்க வாசல்ல தெரியாமப் போட்ட எழுத்து ஒரு நாளைக்குத்தான் வலிச்சுச்சு, அண்ணாச்சி. இது தெனம்.”

வடிவு மூக்கைச் சிந்தினாள்.

“அன்னைக்கு இந்தப் பிள்ளை ஈரத்தலையோட எம் பக்கத்துல வந்து மண்ணுல உக்காந்தா. ஒண்ணும் கேக்கலை, ஒண்ணும் சொல்லலை. சாவுக்குப் பழகின வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது தெரியும். எம் மகனுக்கு இவதான். ஆவணியிலேயே வச்சிருவோம். வருசம் திரும்புறதுக்குள்ள வீட்டுல ஒரு நல்லது நடக்கட்டும்னு எங்க கொழுந்தனாரும் சொல்லிட்டாரு.”

நான் என் காதையே நம்பவில்லை. நெஞ்சு அடித்த அடியில் நாற்காலியே ஆடினது போல இருந்தது. செண்பா முகத்தைப் பார்த்தேன். குனிந்து நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார் அந்த அம்மா. “அதைக் கேக்கத்தான் ஆள் அனுப்பாம நானே வந்தேன். மணமேடையில மாப்பிள்ளைக்குத் தாயா நான்தான் நிப்பேன். தாலியை எடுத்து எம் மகன் கையில நான்தான் கொடுப்பேன். மூலையில உக்காந்து எட்டிப் பாக்க மாட்டேன். எங்க ஆளுகளை நான் பாத்துக்கிடுதேன். உங்க பக்கத்துல என்ன சொல்லுதீக?”

என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கிற யாருக்கும் தெரியும். பிணவண்டிக்காரன் வீடு என்று வாசலிலிருந்தே மூன்று பேர் திரும்பிப் போனார்களே, அந்த வலி தெரிந்தவன் நான்.

ஆனால் அந்த நேரத்தில் கண்முன்னால் வந்தது அண்ணன் முகம். மண்டபம் நிறைய ஜனம். ஏற்கெனவே எழவுக்கடைக்காரன் வீட்டுக் கல்யாணம், அதில் இதுவுமா என்று குசுகுசுக்கிற வாய்கள். என் வாய் தானாக அசைந்தது.

“அது… பெரியவுக கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு…”

சொன்னது நானா? குரல் எனதுதான். அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஜூன் பதினெட்டாம் தேதி, மண்ணில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

“அத்தை, உக்காருங்க” என்றாள் செண்பா. அவள் குரல் நடுங்கவே இல்லை. “கல்யாணம் எனக்கு. பெரியவங்களைக் கேக்கணும்னா முதல்ல என்னைக் கேக்கணும். நீங்க எடுத்துக் கொடுக்காத தாலியை நான் கட்டிக்க மாட்டேன்.”

“நானும் அவ பக்கந்தான், மதினி” என்றாள் வடிவு.

அதற்குப் பிறகு நானும் சொன்னேன். “நீங்கதான் நிக்கணும்” என்று இரண்டு தடவை சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். ஆனால் அவர் பார்த்தது செண்பாவை. பஸ் ஏற்றிவிட மூன்று பேரும் போனோம், நான் நாலடி பின்னால்.

திரும்பி வரும்போது செண்பா சொன்னாள். இருபத்து நாலு நாள் கழித்து என்னிடம் பேசின முதல் பேச்சு இது. “கடைசியிலே சரின்னுதான் சொன்னீங்க அப்பா. ஆனா அவங்க காதுல முதல்ல சொன்னதுதான் நிக்கும்.”

ஜூலை 14, திங்கள்

காலையில் குளித்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“ஏலே ஆவுடை, தாலியைத் தொட அவதான் கிடைச்சாளா? ஊர் காறித் துப்பும்டே. வேற யாரையாவது நிப்பாட்டு.”

“இல்லண்ணே. அந்தம்மாதான்.”

“அப்ப நான் வரலை.”

என்னைப் படிக்க வைத்தவர் அவர். அப்பா செத்தபோது எனக்கு வயசு பதினொன்று. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போய் என்னைக் கரையேற்றினார். இவர் இல்லாமல் என் வீட்டில் ஒரு காதுகுத்துகூட நடந்ததில்லை.

“சரிண்ணே” என்றேன். “வராட்டா என்ன செய்ய. கல்யாணம் இப்படித்தான் நடக்கும்.”

அந்தப் பக்கம் வைத்துவிட்டார். இந்த வார்த்தையை அவரிடம் நான் சொல்லுவேன் என்று யாராவது ஒரு மாசத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால், பைத்தியம் என்று விரட்டியிருப்பேன்.

திரும்பினால் செண்பா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தன் போனில் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள். “நீங்களே சொல்லுங்க.”

மணி அடித்தது. “யாரு?” என்றார் கனகமணி அம்மா.

“ஆவுடையப்பன் பேசுதேன்மா. எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாக?”

பொய் சொல்ல நினைத்தேன். சந்தோஷம் என்று சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “வரமாட்டேன்னுட்டாக” என்றேன்.

“உங்களுக்குக் கூடப் பிறந்தவரு அவரு ஒருத்தருதானே, அண்ணாச்சி. எனக்காகவா அவரை விடுதீக?”

“அவுக வந்தாலும் வராட்டாலும் நீங்கதான் தாலியை எடுத்துக் கொடுக்கீக. நேத்தே சொல்லியிருக்கணும். அரை நிமிசம் தாமதமாயிருச்சு. அதுக்குத்தான் போன் செஞ்சேன்.”

அந்த அம்மா அழ ஆரம்பித்தார். இந்தத் தொழிலில் நான் அழுகை கேட்காத நாள் கிடையாது. எந்த அழுகைக்கு எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும், எப்போது தண்ணீர் கொடுக்கவேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. இன்றைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கிறவரை அப்படியே நின்றேன்.